உயர்த்திய ஜீப்பின் முன் அச்சு ஜொயின்ட்: உடைந்த சாமானை மாற்றும் முன்பும் மாற்றும்போதும் செய்ய வேண்டியவை

படுவான்கரை வயல் பாதைகளிலும் வாகரைப் பக்க மணலிலும் தட்டாமல் ஓட வேண்டும் என்று ஜீப்பையோ டபிள் கெப்பையோ இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திவிட்டு, சில மாதங்களிலேயே முன் சில்லில் "டக் டக்" என்று சத்தம் வருகிறது என்று வந்து நிற்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் அநேகமாக நேரே உதிரிப்பாகக் கடைக்குப் போய் ஒரு புதிய ஜொயின்ட் (சில்லு திரும்பினாலும் ஏறி இறங்கினாலும் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு) வாங்கிப் பூட்டிவிட்டுத்தான் வருவார்கள். "தம்பி, புதுச் சாமான் போட்டும் அதே சத்தம் வருகுதே" என்பது நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம்.

நானும் விதிவிலக்கல்லன். என் கெப்பின் இடப்பக்கச் சில்லருகே உள்ள வெளி ஜொயின்டை இரண்டு முறை மாற்றிய பின்னர், மூன்றாவது முறைதான் அளவுநாடாவோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். டோர்ஷன் பாரை (வில்லுக்குப் பதிலாக வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி) முறுக்கி உயர்த்திக் கொடுத்த திருத்துமிடம் 70 மில்லிமீற்றர் தூக்கியிருந்தது. வண்டி சும்மா நிற்கும்போதே, ஜொயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் மேற்பக்கத்தில் ஒன்றோடொன்று அழுந்தி உரசிக்கொண்டிருந்தன. பூட் கிழிந்தது, கிரீஸ் வெளியேறியது, மணல் உள்ளே போனது, ஜொயின்ட் செத்தது. இரண்டு முறையும் நான் மாற்றியது கடைசியில் செத்ததைத்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் கோணத்தை அளப்பதும் திருத்துவதும் முதலிலும், சாமான் மாற்றுவது அதன் பின்னரும் வருகின்றன. அந்த ஒழுங்கை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. உங்கள் முன் அச்சு எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

இரண்டு முன் சில்லுகளையும் ஒரே இரும்புக் குழாய் இணைத்திருந்தால் அது ஒற்றை முழு அச்சு. பழைய லாண்ட் ரோவர் டிஃபெண்டர், லாண்ட் குரூசர் 70 மற்றும் 80, சுசூக்கி ஜிம்னி, பழைய மிற்சுபிஷி ஜீப் ஆகியவை இவ்வகை. நடுவில் டிப்ரன்ஷியல் (விசையை இரு சில்லுக்கும் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) சட்டகத்தோடு அசையாமல் நிற்க, அதன் இரு புறமும் ரப்பர் பூட் போட்ட ஷாப்ட்கள் வெளியே தெரிந்தால் அது தனித்தனியே அசையும் முன் அச்சு. ஹைலக்ஸ் விகோ, எல் 200, பஜெரோ ஆகியவை இதில் சேரும்.

இந்த வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய காரணம், உயர்த்துவதால் வரும் பாதிப்பு இரண்டிலும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பதுதான். முழு அச்சில், வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் சில்லும் டிப்ரன்ஷியலும் ஒன்றாகவே இருப்பதால், சில்லருகே உள்ள ஜொயின்டின் கோணம் மாறாது. மாறுவது முன் புரொப்பெலர் ஷாப்டின் (முன் அச்சுக்கு விசை கொண்டுவரும் நீண்ட தண்டு) கோணமும் காஸ்டர் கோணமும் (சில்லு திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு). அங்கே சில்லருகு ஜொயின்ட் உடைந்தால் உயரத்தைக் குறை சொல்வதற்கு முன் பெரிய டயரையும் ஓட்டியவரின் காலையும் பாருங்கள். தனித்தனி அச்சிலோ சட்டகத்தோடு டிப்ரன்ஷியலும் மேலே போய்விட, சில்லு தரையில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள குட்டையான ஷாப்ட் அந்த உயர வேறுபாடு முழுவதையும் சாய்வாக வாங்கிக்கொள்கிறது.

புதியவர்கள் செய்யும் பிழை, ஜிம்னிக்காரர் சொன்ன அறிவுரையை ஹைலக்ஸில் செய்து பார்ப்பது. நான்கு அங்குலம் உயர்த்திய ஜிம்னி ஓடுகிறது என்பதற்காக நான்கு அங்குலம் உயர்த்திய விகோவும் ஓடும் என்று நினைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

2. கோணத்தை எண்ணாக எழுதுங்கள்

வண்டி இன்னும் உயர்த்தப்படவில்லை என்றால் அது நல்ல காலம். உயர்த்தும் முன்பே அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சமதளமான சீமெந்துத் தரையில், டயர்களில் சரியான காற்றோடு, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளக்க வேண்டும். டயரின் உயரமும் காற்றும் இந்த அளவில் புகுந்துவிடாது என்பதால்தான் தரையிலிருந்து அளக்காமல் சில்லின் நடுவிலிருந்து அளக்கிறோம்.

அடுத்ததாக, கைத்தொலைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியை ஷாப்டின் மேல் நெடுக்காக வைத்து அது எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முழு அச்சு என்றால் முன் புரொப்பெலர் ஷாப்ட், பினியன் (டிப்ரன்ஷியலுக்குள் விசை நுழையும் பற்சக்கரம்) முகப்பு, ட்ரான்ஸ்பர் கேஸ் (விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) முகப்பு ஆகிய மூன்றிலும் வைத்துப் பாருங்கள்.

தனித்தனி அச்சில் உயரத்தின் விலை எவ்வளவு என்பதைக் கணக்காகவே காட்டலாம். டிப்ரன்ஷியல் பக்க உள் ஜொயின்டுக்கும் சில்லருகு வெளி ஜொயின்டுக்கும் இடையில் 400 மில்லிமீற்றர் இருக்கிறது என்று கொண்டால், 25 மில்லிமீற்றர் உயர்த்தும்போது சாய்வு ஏறத்தாழ மூன்றரைப் பாகையும், 50 மில்லிமீற்றருக்கு 7 பாகையும், 75 மில்லிமீற்றருக்குப் பத்தரைப் பாகையும் கூடும். முன்பே 5 பாகை இருந்த ஷாப்ட் இரண்டு அங்குலத்தில் 12 பாகைக்கு வந்துவிடுகிறது. வண்டி நேராகத் தார் வீதியில் ஓடும்போதும் இந்தச் சாய்வு நீங்காது. ஒவ்வொரு சுற்றிலும் ஜொயின்டுக்குள் உள்ள குண்டுகள் தங்கள் தடத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் தூரம் சாய்வோடு கூடுகிறது, அதனோடு சூடும் தேய்வும் கூடுகின்றன.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது 35 பாகை, சாய்வு 12 பாகை, ஆகவே வெளி ஜொயின்டில் 47 பாகை என்று கூட்டிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு தளத்தில் இருப்பதால் அவை அப்படிக் கூடுவதில்லை. உண்மையில் வருவது ஏறத்தாழ 37 பாகை. ஆறு குண்டுகள் கொண்ட வெளி ஜொயின்ட் பொதுவாக 45 பாகைக்குக் கிட்ட வரை தாங்கும் அமைப்புடையது. அதனால் உயர்த்தியதால் முதலில் திணறுவது உள் ஜொயின்டும் பூட்டும்தான்: மூன்று உருளை வைத்த உள் ஜொயின்டின் எல்லை அதில் பாதியளவே, அதுவும் சில்லு கீழே தொங்கும்போது சாய்வு முழுவதும் அதன் தலையிலும் விழுகிறது.

3. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், சில்லுக்கு அடை வைக்கக் கட்டைகள், மணல் தரையென்றால் ஜக்கின் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை. டோர்க் ஸ்பனர், வளையக் கிளிப் கழற்றும் குறடு, பித்தளைக் கம்பி, பூட் கிளிப்பை இறுக்கும் குறடு, வெள்ளைப் பெயின்ட், மண்ணெண்ணெய், நிறையப் பழந்துணி, மொலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ். உங்கள் வண்டிக்குரிய திருத்தக் கையேட்டின் இறுக்க அளவுகள். புதிய கொட்டர் பின்னும் புதிய வளையக் கிளிப்பும் ஷாப்டைக் கழற்றும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கல்முனையில் திறந்திருக்கும் கடை தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

4. எந்த ஜொயின்ட் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். எளிதானதும் காசு கேட்காததும் முதலில் வரும் வகையில், கீழேயுள்ள ஒழுங்கிலேயே பாருங்கள்.

முதலில் கல். பிரேக் தட்டுக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையில் சிக்கிய ஒரு சிறு கல், செத்த ஜொயின்டைப் போலவே சத்தமிடும். அறுகம்பையிலிருந்து பாணமை, ஒக்கந்தை வழியாகக் குமணப் பக்கம் போய் வரும் கிறவல் பாதை வண்டிகளில் இதை மூன்று நான்கு தடவை கண்டிருக்கிறேன். ஒரு வண்டியில் ஜொயின்டை மாற்றிய பின்னர்தான் அந்தக் கல் விழுந்தது.

இரண்டாவது, பூட். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டோர்ச் அடித்து, மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் பள்ளத்தில்தான் இருக்கும். வெளியே தெரியும் மேட்டில் இருக்காது. சில்லின் உட்புறத்திலும் ஷொக் அப்சோபரிலும் வட்டமாகக் கிரீஸ் தெறித்திருந்தால் மேலும் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, மெதுவாக வட்டமடித்துக் கேட்பது. நான்கு சில்லு இயக்கம் தேவைக்கு மட்டும் போடும் வகையென்றால், அதைப் போட்டு, ஹப்பை (முன் ஷாப்டைச் சில்லோடு இணைக்கும் பூட்டு) பூட்டி, மணலிலோ வயற்காணியிலோதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். தார் வீதியில் செய்தால் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்து, டயர் துள்ளி, நல்ல ஜொயின்டும் கெட்டதைப் போலத் தோன்றும். திரும்பும்போது மட்டும் வரும் சீரான தட்டுச் சத்தம் வெளி ஜொயின்டுடையது. இடப்பக்கம் திரும்பும்போது வந்தால் வலப்பக்க ஜொயின்ட் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். நான் அதை நம்பிச் சாமான் வாங்குவதில்லை, இரு பக்கமும் தூக்கிப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

நான்காவது, நேரோட்டம். நேராகப் போகும்போது அக்சிலேட்டரை மிதித்தால் முன்பக்கம் ஆடி, காலை எடுத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது என்றால் உள் ஜொயின்டைச் சந்தேகியுங்கள். முழு அச்சு வண்டியில் ஹப்பைப் பூட்டினால் மட்டும் வந்து, வேகத்தோடு ஏறும் அதிர்வு முன் புரொப்பெலர் ஷாப்டிலிருந்து வருகிறது. புறப்படும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் ஒரே ஒரு "டங்" என்றால் யூ ஜொயின்டின் (புரொப்பெலர் ஷாப்டின் முனையிலுள்ள சிலுவை மூட்டு) தொய்வு.

கடைசியாக, சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் போல் ஜொயின்டோ (சில்லைத் தாங்கும் கையின் முனையிலுள்ள குண்டு மூட்டு) சில்லு பெயாரிங்கோ, இடமும் வலமும் ஆடினால் பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பியின் முனை. உயர்த்திய தனித்தனி அச்சு வண்டிகளில் மேல் போல் ஜொயின்ட் தன் எல்லைக்கு அருகிலேயே நிற்பதால் அதுவும் விரைவாகத் தேயும். சீவி ஜொயின்ட் (மேலே சொன்ன உள், வெளி ஜொயின்ட்கள்) என்று கழற்றிப் பார்த்து, இதைக் கண்டவர்கள் உண்டு.

ஹப் பற்றி ஓர் எச்சரிக்கை. கையால் திறந்து பூட்டும் ஹப் உள்ள வண்டியில், ஹப் திறந்திருக்கும்போது முன் ஷாப்ட்கள் சுற்றுவதில்லை. ஹைலக்ஸின் பல வகைகளில் டிப்ரன்ஷியலிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடு இருப்பதால், இரண்டு சில்லில் ஓடும்போதும் ஷாப்ட்கள் சில்லோடு சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகையில் உயர்த்தியதன் விலையை மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போய் வரும் தார் வீதியிலும் நீங்கள் செலுத்துகிறீர்கள்.

5. புதிய சாமான் வாங்கும் முன் கோணத்தைத் திருத்துங்கள்

தனித்தனி அச்சில் நான் சொல்லும் எல்லை 50 மில்லிமீற்றர். அதற்கு மேல் வேண்டுமென்றால் டிப்ரன்ஷியலையும் கீழே இறக்கும் தொகுதி போட வேண்டும்; 25 மில்லிமீற்றர் இறக்கினால் மேலே சொன்ன கணக்கில் மூன்றரைப் பாகை திரும்பக் கிடைக்கும். ஆனால் அடிப்பாகத் தகடும் அதனோடு கீழே வருவதால் கல்லில் தட்டும் வாய்ப்புக் கூடுகிறது. எதற்காக உயர்த்தினோமோ அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தே இதைப் பெறுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

டோர்ஷன் பாரை முறுக்கி உயர்த்துவது மலிவு என்பதால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். முறுக்கும்போது மொத்த அசைவு கூடுவதில்லை. கீழே தொங்குவதற்கு இருந்த இடம் மேலே போய்விடுகிறது, அவ்வளவுதான். வயல் வரம்பைக் கடக்கும்போது சில்லு சட்டென்று கீழெல்லையில் போய் இடிக்கும், ஷாப்டும் அந்த நொடியில் தன் மோசமான கோணத்தில் நிற்கும். என் கெப்பை நான் 70 இலிருந்து 40 மில்லிமீற்றருக்கு இறக்கினேன். அதற்குப் பின் போட்ட ஜொயின்ட்தான் இன்னும் ஓடுகிறது.

முழு அச்சில் சட்டகத்திலிருந்து அச்சுக்கு முன்னோக்கி வரும் ஆரக் கம்பிகள் உள்ள வண்டிகளை உயர்த்தும்போது, அச்சு முழுவதும் சற்றே சுழன்று காஸ்டர் குறைகிறது. ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அலைவது இதனால்தான். காஸ்டர் திருத்தும் புஷ் போட்டு அச்சைத் திரும்பச் சுழற்றினால் பினியனும் அதனோடு கீழ்நோக்கித் திரும்பி, முன் புரொப்பெலர் ஷாப்டின் மேல் கூடுதல் கோணத்தை ஏற்றிவிடுகிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும் இந்த இடத்தில் ஸ்டியரிங்குக்கே முதலிடம் கொடுங்கள். புரொப்பெலர் ஷாப்டை இரட்டை ஜொயின்ட் வகையாக மாற்றலாம், அலையும் ஸ்டியரிங்கோடு வெருகல் வீதியில் ஓட முடியாது.

கோணம் திருந்தியதா என்று பார்ப்பதற்கான இறுதிச் சோதனை: சட்டகத்தில் ஸ்டாண்ட் வைத்து, இரண்டு முன் சில்லுகளும் முழுதாகத் தொங்கும்படி விட்டு, சில்லைக் கழற்றி, ஸ்டியரிங்கை ஒவ்வொரு எல்லைக்கும் திருப்பி, ஷாப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் இறுகக்கூடாது, பூட் எதிலும் உரசக்கூடாது. இறுகினால் அந்த உயரம் அந்த வண்டிக்குப் பொருந்தாது. உயரம் முடிவான பின் சில்லு நேர்ப்படுத்தலையும் செய்துவிடுங்கள்.

6. சீவி ஷாப்டைக் கழற்றிப் பூட்டுதல்

சில்லின் நடு நட்டை, சில்லு தரையில் இருக்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதிக்கத் தளர்த்துங்கள். தூக்கிய பின் அதே விசையைக் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவக்கூடும். அதன் பின்னரே பின் சில்லுக்கு அடை வைத்து, தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிச் சில்லைக் கழற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. நம் கரையோர மணல் தரையில் ஜக் எந்த நேரமும் ஒரு பக்கம் புதையும்.

பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் சட்டகத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாயில் தொங்கினால் குழாயின் உட்புறம் கிழிந்து, அது பல நாட்களுக்குப் பின்னரே தெரியவரும். போல் ஜொயின்டைப் பிரிக்கும்போது அதன் மரையில் அடிக்காமல், அது பூட்டியிருக்கும் நக்கிள் (சில்லைத் தாங்கித் திரும்பும் இரும்பு) கண்ணின் பக்கவாட்டில் அடியுங்கள்; கண் நொடிப்பொழுது விரியும்போது கூம்பு தானாகவே விடும்.

டிப்ரன்ஷியல் பக்கத்தை நெம்புகோலால் உள் ஜொயின்டின் கிண்ணத்தில் நெம்பியே எடுக்க வேண்டும். ஷாப்டைப் பிடித்து இழுத்தால் உள்ளே உருளைகள் கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். வெளியே எடுக்கும்போது ஒயில் சீலின் உதட்டைக் கீறாமல் நேராக எடுங்கள்.

இனி ஜொயின்ட். பூட்டை வெட்டியெடுத்தவுடன் துடைத்துவிடாதீர்கள். ஒரு விரலளவு கிரீஸை எடுத்து இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மாவைப் போல வழுக்கினால் ஜொயின்ட் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. பற்பொடியைப் போல நறநறத்தால் அது மணல், தடங்கள் ஏற்கனவே அரைபட்டுவிட்டன. சாம்பல் நிறத்தில் மினுங்கினால் அது தேய்ந்த இரும்பு. காப்பியில் பால் விட்ட நிறமென்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

உள் வளையம், குண்டுகளைப் பிடிக்கும் கூடு, வெளிக் கிண்ணம் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் புள்ளி வைத்த பின், பித்தளைக் கம்பியை உள் வளையத்தில் வைத்துத் தட்டி ஜொயின்டை ஷாப்டிலிருந்து எடுங்கள். உள் வளையத்தைச் சாய்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது கூட்டின் எந்தச் சாளரத்தில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே துணியில் வையுங்கள். ஒவ்வொரு குண்டும் தன் தடத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் நல்ல ஜொயின்டும் சத்தமிடத் தொடங்கும்.

வெட்டிய எண்ணெய்க் கலனொன்றில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். தடத்தில் உளுத்தம்பருப்பளவு குழி இருந்தால், நகத்தால் இழுக்கும்போது நகம் விழுந்து ஏறினால், அல்லது கூட்டின் சாளர மூலையில் மயிர்க்கோட்டு வெடிப்பு இருந்தால் அந்த ஜொயின்ட் முடிந்தது. புதிய கிரீஸ் சத்தத்தை இரண்டு வாரம் அடக்குமே தவிரக் குழியை நிரப்பாது. மினுக்கம் மட்டும் மாறியிருந்தால் தாராளமாகத் திரும்பப் பூட்டலாம்.

மாற்றுவதென்றால், மலிவான புதியதைவிடத் தடங்களைத் திறந்து பார்த்து வாங்கிய ஜப்பான் ரீகண்டிஷன் ஷாப்ட் மேல் என்பது என் கருத்து. திறந்து பார்க்க விடாத கடையில் எதையும் வாங்காதீர்கள்.

பூட்டும்போது கிளிப்பும் பூட்டும் முதலில் ஷாப்டில் ஏற வேண்டும், ஜொயின்ட் அதற்குப் பின்னர்தான். எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, ஆனால் ஜொயின்டைத் தட்டி ஏற்றிய பின் கையில் பூட்டோடு திகைத்து நிற்காதவர் எவரும் இல்லை. மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் மிஞ்சாமல் உலர்த்துங்கள், மிஞ்சினால் கிரீஸ் இளகிவிடும். பூட்டோடு வரும் கிரீஸ் முழுவதையும் பயன்படுத்தி, பெரும் பங்கை ஜொயின்டுக்குள்ளேயே அழுத்துங்கள். சில்லு பெயாரிங் கிரீஸ் இந்த வேலைக்கு ஆகாது. பூட்டின் சிறிய வாய்க்குள் மெல்லிய ஸ்குரூ டிரைவரை நுழைத்து உள்ளிருக்கும் காற்றை விட்ட பிறகே கிளிப்பை இறுக்குங்கள். காற்று அடைபட்டால் பூட் ஊதி உரசும். பிளாஸ்டிக் கட்டு போடுவதென்றால் வேலையைத் தொடங்காமலே விட்டுவிடலாம்.

7. யூ ஜொயின்ட்

முன் புரொப்பெலர் ஷாப்டைக் கழற்றும் முன், நீண்டு சுருங்கும் பகுதியின் இரு பக்கத்திலும் பெயின்ட் கோடு போடுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் இரு முனைக் கவைகளும் ஒரே நேருக்கு வராது, அதிர்வு வரும். ஒற்றை யூ ஜொயின்ட் சாய்வில் ஓடும்போது ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்திப் பிந்துகிறது. இந்த ஏற்றத்தாழ்வு 10 பாகையில் ஒன்றரைச் சதவீதம்தான், 30 பாகையில் ஏறத்தாழ 15 சதவீதம். மறுமுனை ஜொயின்ட் அதே கோணத்தில், அதே நேரில் இருந்தால்தான் ஒன்று மற்றதைச் சமன் செய்யும். இரண்டு கோணங்களுக்கும் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்க விடாதீர்கள். ட்ரான்ஸ்பர் கேஸ் பக்கம் இரட்டை ஜொயின்ட் உள்ளதென்றால், இந்த விதி பொருந்தாது; பினியன், புரொப்பெலர் ஷாப்டின் நேருக்கே நோக்க வேண்டும்.

யூ ஜொயின்டின் கிண்ணத்தைச் சுற்றிச் செந்நிறத் தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் (மெல்லிய உருளைகள்) துருப்பிடிக்கின்றன. வைஸில் வைத்து அழுத்திக் கழற்றுங்கள். பூட்டும்போது ஊசிகளைக் கிரீஸால் கிண்ணச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஓர் ஊசி விழுந்து அடியில் குறுக்கே கிடந்தால் கிளிப் பள்ளத்தில் இறங்காது, அல்லது ஜொயின்ட் இறுகி நிற்கும். "புதுசு, அதுதான் இறுக்கம்" என்று அதை அடித்து ஏற்றுபவர்களைக் கண்டிருக்கிறேன். முடிந்த பின் கவையின் காதுகளில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கிண்ணங்கள் கிளிப்பில் போய்ச் சாய்ந்து, கை விட்டால் தானாக விழுமளவு ஜொயின்ட் இளகும்.

8. உருண்டை நக்கிள் உள்ள வண்டிகள்

லாண்ட் குரூசர், ஜிம்னி போன்றவற்றில் ஜொயின்ட் நக்கிள் உருண்டைக்குள் மூடியிருக்கும். உருண்டையின் மேல் கறுப்புக் குழம்பு வழிந்தால், உட்புற ஒயில் சீல் போய் டிப்ரன்ஷியல் ஒயில் கிரீஸைக் கரைத்துவிட்டது என்று அர்த்தம். வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றிச் சமாளிக்காமல், முழுவதையும் திறந்து கழுவி, சீலை மாற்றி, மொலிப்டினம் கிரீஸ் நிரப்புங்கள். திறந்த கையோடு நக்கிள் பெயாரிங்கையும் பாருங்கள். மெல்லிய இடைத்தகடுகள் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று எழுதிய பின்னரே கழற்றுங்கள்.

9. தண்ணீருக்குள் இறங்கி வந்த பின்

கோடையில் வாவித் தண்ணீர் உவர்க்கும், முகத்துவாரப் பக்கம் கேட்கவே வேண்டாம். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக் குழாயை எஞ்சின் அறை வரை நீட்டிக் கட்டுவது சிறு செலவு. வீடு வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, கிரீஸ் நிப்பிள் உள்ள ஒவ்வொரு யூ ஜொயின்டிலும் புதிய கிரீஸ் நான்கு பக்கமும் வெளிவரும் வரை அடியுங்கள். மாரிகாலத்தில் வயல் சுரி பூட்டின் மடிப்புகளில் காய்ந்து கல்லாகும். அது காய்வதற்குள் கழுவுங்கள்.

10. ஓட்டும்போது உடைப்பது எது

தரைப் பிடிப்பு அதேயென்றால், ஜொயின்ட் தாங்க வேண்டிய முறுக்குவிசை டயரின் ஆரத்தோடு கூடுகிறது. 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால் அது ஏறத்தாழ 14 சதவீதம் அதிகம். முன் டிப்ரன்ஷியலுக்கு லொக் இருந்து, ஒரு சில்லு பிடித்து மறுசில்லு அந்தரத்தில் நின்றால், முன் அச்சின் விசை முழுவதும் ஒரே ஷாப்டில் இறங்கும்.

ஆனாலும் நான் கண்ட உடைவுகளில் பெரும்பாலானவை ஒரே காட்சிதான்: வாய்க்கால் கரையில் வண்டி சிக்கியிருக்கிறது, ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியிருக்கிறது, ஓட்டுபவர் முழு அக்சிலேட்டரையும் மிதிக்கிறார், சில்லு சுழன்று துள்ளி, துள்ளலின் நடுவே சட்டென்று தரையைப் பிடிக்கிறது. சில்லு துள்ளத் தொடங்கியவுடன் காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக்கிப் பின்னால் எடுத்து மறுபடி முயலுங்கள், அல்லது மண்வெட்டியை எடுங்கள்.

11. பாதையில் உடைந்துவிட்டால்

தேவைக்கு மட்டும் நான்கு சில்லில் ஓடும் வண்டியென்றால், இயக்கத்தை விலக்கி, ஹப்பைத் திறந்து, பின் சில்லில் வீடு வரலாம். டிஃபெண்டர், லாண்ட் குரூசர் 80இன் பல வகைகள் போன்று எப்போதும் நான்கு சில்லில் ஓடும் வண்டிகளில் முன் ஜொயின்ட் ஒன்று உடைந்தால் விசை முழுவதும் அந்த உடைந்த பக்கமே ஓடி, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நடு டிப்ரன்ஷியலைப் பூட்டினால் பின் அச்சு இழுக்கத் தொடங்கும். லாகுகலைப் பக்கம் யானை இறங்கும் நேரத்தில் வண்டி நகராமல் நின்று, இந்த ஒரு லீவரைத் தள்ளத் தெரியாமல் இழுவை வண்டிக்கு அழைத்தவரை எனக்குத் தெரியும்.

ஷாப்ட் எப்போதும் சுற்றும் வகையில், உடைந்த துண்டு அடித்து பிரேக் குழாயை அறுக்கும் ஆபத்து உண்டு. ஷாப்டைக் கழற்ற வேண்டும். ஆனால் ஒற்றைத் தொகுதிப் பெயாரிங் உள்ள ஹப்புகளில் வெளி ஜொயின்டின் தண்டுதான் பெயாரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஓடினால் சில்லே கழன்று போகலாம். ஆகவே வெளி ஜொயின்டைப் பிரித்து, அதன் கிண்ணத்தையும் தண்டையும் மட்டும் ஹப்பில் திரும்பப் பூட்டி, நட்டை இறுக்கி, மெதுவாக வாருங்கள். டிப்ரன்ஷியலில் திறந்த துளையைத் துணியால் அடைத்து, ஒயில் எவ்வளவு போனது என்று வீடு வந்தவுடன் பாருங்கள்.

புதிய ஷாப்டைப் பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் சில்லைத் தூக்கி நட்டுகளின் இறுக்கத்தையும் பூட் கிளிப்புகளையும் மறுபடி பாருங்கள். டோர்ஷன் பாரைத் தொட்டிருந்தால் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் வரையான அளவையும் திரும்ப எடுத்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.